வாட்டர் சர்வீஸ் விட்டதும் கார் பிரேக்கில் துரு! எண்ணெய் தடவினால் உயிருக்கே ஆபத்து

ராஜபாளையம்:

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் கால் வைக்க இடம் இருக்காது. வாடகைக் கார், வேன், லோடு ஆட்டோ, டூவீலர் என்று வரிசை கட்டி நிற்கும். ராத்திரி வரை தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கழுவி, துடைத்து, வீட்டு வாசலில் நிறுத்தி விடுவார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தும்போதுதான் விஷயம் தெரியும். சக்கரத்துக்குள் இருந்து "கர... கர..." என்று சத்தம் வரும். குனிந்து பார்த்தால், பளபளவென்று இருந்த பிரேக் டிஸ்க் செம்மண் பூசியது போல துரு ஏறிக் கிடக்கும்.

"நேத்துதானே காசு கொடுத்து கழுவினோம், அதுக்குள்ள துருவா?" என்று வண்டிக்காரர் பதறிப் போவார்.

இங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. சிலர் பயந்துபோய் டிஸ்க்கையே மாற்றச் சொல்லி விடுகிறார்கள். சிலர் துரு வராமல் இருக்கட்டும் என்று எண்ணெய் ஸ்பிரேயை அடித்து விடுகிறார்கள். முதலாவது தண்டச் செலவு. இரண்டாவது உயிருக்கே உலை வைக்கும் காரியம்.

உண்மையில் இந்த துருவுக்கு மருந்து பிரேக் மிதியிலேயே இருக்கிறது. காரை கழுவினால் மட்டும் போதாது. பிரேக்கை காய வைத்த பிறகுதான் வண்டியை நிறுத்த வேண்டும். அம்புட்டுத்தான் விஷயம்.

தோசைக்கல்லும் டிஸ்க்கும் ஒண்ணுதான்

வீட்டில் இரும்பு தோசைக்கல்லை கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு வைத்தால் காலையில் என்ன ஆகும்? செம்பழுப்பாக துரு பூத்து இருக்கும். கார் டிஸ்க்கும் அதே கதைதான். அதுவும் வார்ப்பு இரும்பில் செய்ததுதான்.

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வந்தே தீரும். காரின் மற்ற இரும்புப் பாகங்களுக்கு பெயிண்ட் இருக்கிறது. டிஸ்க்கில் பிரேக் பேட் உரசும் இடத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. அடித்தாலும் நாலு தடவை பிரேக் பிடித்தால் உரிந்து போகும். அதனால் அந்த இடம் எப்போதும் வெறும் இரும்பாகத்தான் இருக்கும். தண்ணீர் பட்ட சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படிய ஆரம்பித்து விடும்.

"பைக் டிஸ்க் மழையிலேயே நிக்குது, அதில் இப்படி துரு வரலையே?" என்று கேட்கலாம். பைக் டிஸ்க் பெரும்பாலும் துரு எளிதில் ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருகிறது. காரின் எடை அதிகம். பிரேக் பிடிக்கும்போது கிளம்பும் சூடும் அதிகம். அந்த சூட்டை வாங்கிக்கொண்டு, அதிர்வு இல்லாமல் நிற்க வார்ப்பு இரும்புதான் தோதானது. விலையும் குறைவு. அதனால்தான் கார் கம்பெனிகள் அதையே போடுகின்றன.

டிஸ்க் பிரேக் இன்று நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் லான்செஸ்டர் 1902-ம் ஆண்டே இதற்கு காப்புரிமை வாங்கினார். 1953-ல் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேர கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்தது. அதன் பிறகுதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. நம் தமிழ்நாட்டில் சென்னை பாடியில் 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் கார்களுக்கு பிரேக் தயாரித்து வருகிறது. இத்தனை வருடம் ஆகியும் டிஸ்க் இரும்பாகவே இருக்கிறது. துருவும் கூடவே இருக்கிறது.

எந்த துருவுக்கு பயப்படணும்?

கழுவின மறுநாள் டிஸ்க் முகத்தில் படியும் மெல்லிய ஆரஞ்சு நிற துருவுக்கு பயமே வேண்டாம். வண்டியை மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்தால், பேட்கள் அதை வழித்து எடுத்து விடும். முதலில் "கர கர" என்று சத்தம் வரும். கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்று விடும்.

டிஸ்க்கின் ஓரத்திலும், நடுவில் இருக்கும் மேடான பகுதியிலும் துரு நிரந்தரமாக இருக்கலாம். அங்கே பேட் உரசுவது இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பிரேக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. சில கம்பெனிகள் அந்த இடங்களில் மட்டும் துரு தடுக்கும் பூச்சு பூசி விற்கின்றன.

கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

* பத்து, பதினைந்து தடவை பிரேக் பிடித்தும் டிஸ்க் முகத்தில் துரு போகாமல் திட்டுத் திட்டாக நிற்பது.
* டிஸ்க்கில் குழி குழியாக அரித்து இருப்பது, ஆழமான கோடுகள் விழுந்து இருப்பது.
* பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அல்லது பிரேக் மிதி கிடுகிடுவென்று உதறுவது.
* பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுப்பது.
* ஒரு வீலில் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்கு அனல் அடிப்பது. காலிபர் ஜாம் ஆகி பேட் விடாமல் பிடித்துக்கொண்டால் இப்படி ஆகும்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பதை கண்ணால் பார்த்து சொல்லக் கூடாது. இதற்கு மேல் தேயக் கூடாது என்ற குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்து இருக்கும். அளவுகோல் வைத்து அளந்து பார்த்து, அதற்கு கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். "துரு பிடிச்சிருக்கு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "அளந்து காட்டுங்க அண்ணே" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆயிரக்கணக்கில் செலவாகும் விஷயம் இது.

எண்ணெய் பட்டால் அவ்வளவுதான்

தோசைக்கல் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வைப்பது நம் வீட்டு வழக்கம். அதே யோசனையில் டிஸ்க்குக்கும் எண்ணெய் தடவினால் ஆபத்து.

பேட்டும் டிஸ்க்கும் ஒன்றை ஒன்று உரசிப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது. நடுவில் எண்ணெய் வந்தால் உரசல் போய் விடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு பக்க வீலில் மட்டும் எண்ணெய் பட்டு இருந்தால், அவசரத்தில் பிரேக் அடிக்கும்போது கார் இன்னொரு பக்கமாக திருகிக்கொண்டு போகும். எதிரே பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வேண்டும் என்றே எண்ணெய் தடவுபவர்கள் குறைவுதான். தெரியாமல் படுவதுதான் அதிகம். அது மூன்று வழியில் நடக்கிறது.

முதலாவது, ஆயில் ஸ்பிரே. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியில் துரு பிடிக்காமல் இருக்க டீசலோ, பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கம்ப்ரசர் காற்றில் அது புகை மாதிரி பரவும். பக்கத்தில் இருக்கும் டிஸ்க், பேட், டிரம் எல்லாவற்றிலும் படிந்து விடும். ஆயில் ஸ்பிரே கட்டாயம் வேண்டும் என்றால் நாலு வீலையும் தார்ப்பாய் அல்லது சாக்கு போட்டு மூடிய பிறகுதான் அடிக்கச் சொல்ல வேண்டும். ரப்பர் பாகங்களுக்கும் டீசல் ஆகாது. அடிக்காமல் விடுவதே நல்லது.

இரண்டாவது, டயர் பாலிஷ். டயர் கருகருவென்று இருக்க வேண்டும் என்று அடிக்கும் ஸ்பிரேயில் வழுக்கும் சிலிக்கோன் இருக்கும். அலாய் வீலின் சந்து வழியாக அது டிஸ்க்கில் போய் விழும். பாலிஷை பஞ்சில் தொட்டு டயரின் பக்கவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். ரோட்டில் படும் பட்டன் பக்கம் தேய்க்கவே கூடாது.

மூன்றாவது, பைக்கில் செயின் ஸ்பிரே. பின்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ள பைக்குகளில் செயினுக்கு அடிக்கும் ஆயில் டிஸ்க்கில் தெறிக்கும். ஒரு அட்டையை நடுவில் பிடித்துக்கொண்டு அடித்தால் தப்பிக்கலாம்.

தவறிப்போய் எண்ணெய் பட்டு விட்டால், வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம். கடைகளில் கிடைக்கும் பிரேக் கிளீனர் ஸ்பிரே போட்டு டிஸ்க்கை துடைக்கலாம். பெட்ரோல் ஊற்றி துடைப்பது தீ விபத்தில் கொண்டுபோய் விடும். பேட் எண்ணெயை உறிஞ்சி இருந்தால் துடைத்து பிரயோஜனம் இல்லை. பேட்டை மாற்றத்தான் வேண்டும்.

ஈர பிரேக்கோடு மெயின் ரோட்டுக்கு வராதீங்க

திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரையும் ஊடறுத்து போகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 12 கி.மீ. தூரம்தான். பஸ், லாரி, மில் வேன், டிராக்டர் என்று எந்நேரமும் போக்குவரத்து இருக்கும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்த காரை நேராக இந்த ரோட்டில் ஏற்றினால், முதல் ஒன்றிரண்டு பிரேக் சரியாகப் பிடிக்காது. டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் தண்ணீர் படலம் நிற்பதுதான் காரணம். சின்ன கார்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். ஆட்டோவிலும் டிரம்தான். டிரம்முக்குள் போன தண்ணீர் வெளியேற இன்னும் நேரம் ஆகும்.

அதனால் சர்வீஸ் செய்த இடத்தை விட்டு கிளம்பும் முன்பே, உள்ளேயே மெதுவாக உருட்டி இரண்டு தடவை பிரேக் மிதித்துப் பார்க்க வேண்டும். பிறகு போக்குவரத்து குறைவான ரோட்டில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய், பின்னால் வண்டி வரவில்லை என்பதை கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, லேசாக ஆறேழு தடவை பிரேக் பிடிக்க வேண்டும். அந்த உரசலில் வரும் சூட்டிலேயே ஈரம் காய்ந்து விடும்.

இந்த ஒரு வேலையில் இரண்டு லாபம். பிரேக்கும் பிடிக்கும். காலையில் துருவும் இருக்காது.

மலை இறங்கின சூட்டோடு தண்ணீர் அடிக்கலாமா?

கார்த்திகை, மார்கழி வந்தால் சபரிமலை செல்லும் வண்டிகள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் செங்கோட்டைக்கு ஓடும். ஆனி, ஆடியில் குற்றால சீசன் கூட்டம். வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு தூக்கமே இருக்காது. ஒரு டிரிப் முடிந்ததும் அவசர அவசரமாக கழுவி அடுத்த டிரிப்புக்கு கிளம்புவார்கள்.

ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கி வரும் காரின் டிஸ்க் கொதித்துப் போய் இருக்கும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் சூடு 300 டிகிரியைக் கூட தாண்டி விடும். புளியரை இறங்கின கையோடு அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை பீய்ச்சினால், அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் குடம் தண்ணீர் கொட்டியது போலத்தான். ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும். இன்னொரு பக்கம் சூடாகவே நிற்கும். இதனால் டிஸ்க் கோணலாகலாம், விரிசலும் விடலாம். அதன் பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும்.

வண்டியை நிழலில் நிறுத்தி குறைந்தது அரை மணி நேரம் ஆற விட வேண்டும். டீ குடித்து விட்டு வந்து கழுவினால் போதும். டிஸ்க்கை தொட்டுப் பார்த்து விரலை சுட்டுக் கொள்ளாதீங்க. வீல் பக்கம் கையை கொண்டு போனாலே அனல் தெரியும்.

மலை இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பாதி வேலையை என்ஜினே பார்த்துக் கொள்ளும். பிரேக்கும் சூடாகாது.

வீலில் ஏன் கறை விழுகிறது?

பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கும் பேட்டும் கொஞ்சம் கொஞ்சமாக தேய்ந்து தூளாகப் பறக்கும். அதில் இரும்புத்தூள் அதிகம். அந்த தூள் சூட்டோடு வீலில் ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரங்கள்தான் பிரேக் வேலையில் பெரும்பகுதியை செய்கின்றன. அதனால்தான் முன் வீல் இரண்டும் சீக்கிரம் கருத்துப் போகின்றன.

இந்த தூள் மேல் தண்ணீர் பட்டு அப்படியே காய்ந்தால், ஒவ்வொரு துகளும் துரு பிடிக்கும். வெள்ளி நிற அலாய் வீலில் செம்பழுப்பு புள்ளிகளாக தெரிவது இதுதான். "வீல் துருப்பிடிச்சிருச்சு" என்று நினைப்பார்கள். அலாய் வீல் அலுமினியத்தில் செய்தது. அதில் செந்துரு வராது. வந்திருப்பது பிரேக் தூளின் துரு.

வெள்ளை வெள்ளையாக திட்டு விழுந்து இருந்தால் அது வேறு. அது உப்புத் தண்ணீர் வேலை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கலந்து இருந்தால், வெயிலில் காயும்போது தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வீலில் தங்கி விடும். விருதுநகர் மாவட்ட வெயிலில் இது சீக்கிரமே நடக்கும். காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ கழுவி, ஈரம் காயும் முன்பே துணியால் ஒற்றி எடுத்தால் வெள்ளைத் திட்டு வராது.

அதற்காக ராஜபாளையம் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் இருந்து வரும் குடிதண்ணீரை குழாய் போட்டு அடிக்க வேண்டியது இல்லை. இரண்டு மூன்று வாளி தண்ணீரிலேயே காரை சுத்தமாக கழுவலாம். பைப்பை திறந்து விட்டால் நூறு லிட்டருக்கு மேல் ஓடி விடும். கண்மாய், ஓடையில் இறக்கி கழுவுவதும் வேண்டாம். வண்டி எண்ணெயும் சோப்பும் ஆடு மாடு குடிக்கும் தண்ணீரில் கலக்கும். வீல் பேரிங்கிலும் தண்ணீர் ஏறும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம்

கறை சட்டென்று போக வேண்டும் என்று ஆசிட் கலந்த தண்ணீரை வீலில் ஊற்றுவது உண்டு. கறை போகும். கூடவே வீலின் மேல்பூச்சும் போகும். அடுத்த முறை கறை இன்னும் ஆழமாக இறங்கும். ஆசிட் தெறித்த டிஸ்க் முன்பை விட வேகமாக துரு பிடிக்கும்.

பித்தளை குத்துவிளக்குக்கு புளி போட்டு தேய்ப்பது போல அலாய் வீலுக்கு செய்வதும் சரிவராது. சலவை சோடா, துணி துவைக்கும் தூள், கம்பி நார் எல்லாமே அலுமினியத்துக்கும் பூச்சுக்கும் பகைதான்.

கார் ஷாம்பு போதும். பழைய செம்புள்ளிகள் போகாவிட்டால், இரும்புக் கறை நீக்கும் வீல் கிளீனர் கடைகளில் கிடைக்கிறது. தெளித்ததும் இரும்புத்தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வீல் ஆறி இருக்கும்போது மட்டும் அடித்து, காய விடாமல் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஸ்டீல் வீலுக்கு பிளாஸ்டிக் கப் போட்ட கார்களில் வேறு பிரச்சினை. வெளியே கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே இரும்பு வீல் அரித்துக் கிடக்கும். மாதம் ஒரு முறையாவது கப்பை கழற்றி கழுவி, காய வைத்து மாட்ட வேண்டும். பெயிண்ட் உரிந்த இடத்தில் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைத்தால் வீல் தப்பிக்கும்.

கழுவ வேண்டிய முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, வீல் ஆறும் வரை பொறுங்கள்.

2. வீலை முதலில் கழுவுங்கள். கடைசியில் கழுவினால் வீல் அழுக்கு துடைத்து முடித்த பாடி மேல் தெறிக்கும்.

3. வீலுக்கு தனி வாளி, தனி துணி வையுங்கள். வீல் துணியில் இரும்புத்தூள் ஒட்டி இருக்கும். அதே துணியால் கதவைத் துடைத்தால் பெயிண்டில் கோடு விழும்.

4. ஒரு வீலை நனைத்து, ஷாம்பு போட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி முடித்த பிறகு அடுத்த வீலுக்கு போங்கள். நாலுக்கும் சேர்த்து சோப்பு போட்டால் காய்ந்து திட்டு விழும்.

5. பிரஷர் கன்னை வீலுக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம். ஒரு அடியாவது தள்ளிப் பிடியுங்கள். பேரிங், ரப்பர் உறை, ஏ.பி.எஸ். சென்சார் வயர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கழுவிய பிறகு ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணையாமல் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தால், முதலில் கை பிரேக் போட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

6. வீலை உலர்ந்த துணியால் துடையுங்கள். போல்ட் குழிகளில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் ஒற்றி எடுங்கள்.

7. மெதுவாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் பிடித்து காய வையுங்கள். பிறகு நிறுத்துங்கள்.

கை பிரேக் போட்டு விட்டுட்டு போகாதீங்க

ஈரத்தோடு கை பிரேக்கை இழுத்து நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால், பின்சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக் கொள்ளும். வண்டியை எடுக்கும்போது "டொக்" என்று சத்தம் வரும். சில நேரம் வீல் சுற்றவே சுற்றாது. ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்தால் லைனிங் பிய்ந்து போகும்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி கொரோனா ஊரடங்கு வந்தபோது, நாடு முழுவதும் கார்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. வாடகைக் கார் வைத்து பிழைத்தவர்களுக்கு வருமானமும் போனது. வண்டியை திரும்ப எடுக்கும்போது பேட்டரி, பிரேக் என்று செலவும் வந்து நின்றது.

சமதளமான இடத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வைத்து, கை பிரேக்கை விடுவித்து வைப்பதுதான் நீண்ட நாள் நிறுத்துவதற்கு சரியான முறை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'பி'-யில் போட வேண்டும். சரிவான இடத்தில் இந்த வேலை கூடாது. வாரம் ஒரு முறை வண்டியை எடுத்து, நாலு தடவை பிரேக் பிடித்து விட்டு வந்தால் துரு ஏறாது.

ராமேசுவரம், திருச்செந்தூர் என்று கடற்கரை ஊருக்கு போய் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக்காற்று பட்ட இரும்பு வேகமாக துரு பிடிக்கும். ஊர் திரும்பியதும் வீலையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய வைக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் தென் மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அதுபோல வெள்ளத்தில் நின்ற காருக்கு மேலே சொன்ன வைத்தியம் பத்தாது. டிரம்மை கழற்றி சேற்றை எடுத்து, பேரிங்கையும் பார்த்த பிறகுதான் ரோட்டில் விட வேண்டும்.

மின்சார கார் வாங்கியவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். அதனால் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க்கில் துரு நிற்கும். கழுவிய பிறகு மிதியை நன்றாக அழுத்தி சில தடவை பிரேக் பிடிப்பது இவர்களுக்கு இன்னும் அவசியம்.

கழுவும் தொழிலாளியையும் நினைக்கணும்

வண்டி கழுவும் தொழிலாளிகள் நாள் முழுக்க இந்த தூளிலும் தண்ணீரிலும்தான் நிற்கிறார்கள். வீலை காற்று அடித்து ஊதும்போது பறக்கும் கருப்புத் தூள் நேராக மூக்குக்குள் போகும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலை கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டு வரும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூளும் நல்லது அல்ல. ஐரோப்பாவில் 2024-ல் கொண்டு வந்த யூரோ 7 விதிகளில் பிரேக்கில் இருந்து பறக்கும் தூளுக்கும் முதல் முறையாக அளவு நிர்ணயித்து இருக்கிறார்கள்.

எனவே உலர்ந்த பிரேக் தூளை காற்று வைத்து ஊதக் கூடாது. முதலில் நனைத்து, பிறகு கழுவ வேண்டும். மூக்கில் மாஸ்க், கையில் ரப்பர் கிளவுஸ், காலில் பூட்ஸ் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு முதலாளிக்கு பெரிய தொகை இல்லை. ஆசிட் கை வைத்த விரலும், தூள் போன நெஞ்சும் திரும்ப வராது.

வண்டிக்காரர்களும் "சீக்கிரம் முடிங்க" என்று விரட்டாமல், "வீலை துடைச்சு விடுங்க, எண்ணெய் மட்டும் பட்டுடாம பாத்துக்கோங்க" என்று சொன்னால் போதும்.

கார் பளபளப்பது பார்ப்பவர் கண்ணுக்கு. பிரேக் பிடிப்பது உள்ளே உட்கார்ந்து இருக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் உயிருக்கு. அடுத்த முறை வண்டியை கழுவி முடித்ததும் சாவியை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால், ஒரு ரவுண்டு போய் பிரேக்கை காய வைத்து விட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.